மொதலாளி அம்மா படத்துக்கு நான் உக்காந்தது

…அத வுடு செல்வி. பக்கத்து வூட்டுக்காரி மருமவ தனிக்குடித்தனம் போனா போறா, போய் நிம்மதியா ஒரு வாய் சோறு துன்னட்டும். அந்தப் பொண்ணு நைட்டி போட்டாலும் குத்தம், பொடவ கட்னாலும் குத்தம்னா எத்தினி நாளு தாங்குவா? நான் கேக்க வந்தது வேற. நாளிக்கு எங்க சின்னவன் கிளாசுக்கு உக்காரப் போறியாமே? பாகாயத்து மேரியக்கா சொன்னாங்க, அவங்களும் வர்றாங்களாம், ஒரு ஞாயித்துக்கெழம நீ, ஒரு ஞாயித்துக்கெழம அவங்கன்னு. நல்லது, நல்லது. அந்த மொறத்த தள்ளிட்டு உக்காரு. நான் ரிட்டைர் ஆனவ, என்கிட்ட கேட்டுக்னு போ, ரெண்டு பேருக்கும் உதவும்.

சிரிக்காத. இது வேலதான். எங்க சின்னவன் குமரேசன் மொட்ட மாடியில ஷீட்டு போட்ட ரூம்ல பசங்களுக்குப் படம் வரையக் கத்துக் குடுக்குறானே, மூஞ்சி வரையணும்னா எதிர்ல ஒரு மூஞ்சி வேணும்ல? மொதல்ல ஆப்பிளும் சொம்பும்தான் வெச்சான். படம் முடியறதுக்குள்ள ஆப்பிள எவனாவது துன்னுட்றான். சொம்ப எனக்கு எடுத்துக்னு போகணும், தண்ணி மோக்க. அப்பால என்னையே கூப்புட்டு உக்கார வெச்சுட்டான். நான் ஒருத்திதான் அந்த ரூம்ல யாரும் துன்ன முடியாத பொருளு.

மொத விசயம், உக்கார்றதுக்கு முன்னாடி மல்லாட்டக் கடல துன்னாத. ஏன்னு கேக்காத, துன்னாத.

ரெண்டாவது, படம் ஆரம்பிச்சதுலருந்து முடியிற வரிக்கும் தல, மூஞ்சி எதுலயும் கை வெக்கக் கூடாது. நம்ம தெருக்கோடி வாட்ச்மேன் தாத்தா கீறாரே, அவரு தாடியப் பாத்து எங்க சின்னவன் சொக்கிப் போய்ட்டான். ரிஷி மாதிரி தாடி. பசங்க கண்ணு வரைஞ்சு, மூக்கு வரைஞ்சு, தாடிக்கு வந்துட்டானுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம தாத்தா வர்றாரு பாரு, மொட்டையா! தாடி மீச ஒண்ணியும் இல்ல, மண்டயில சந்தனம், கையில லட்டு. "இன்னா தாத்தா இது"ன்னு எங்க சின்னவன் சேர்ல சாஞ்சுட்டான். "திருப்பதி சார். பேரனுக்கு வேல கெடச்சா குடுக்குறேன்னு வேண்டிக்னேன், கெடச்சுடுச்சு"ன்னு இவரு லட்டு குடுக்குறாரு. பசங்க வாயில லட்ட வெச்சுக்னு, பேப்பர்ல கீற பாதி தாடிய பாக்குறானுங்க, எதிர்ல கீற தாவாங்கட்டைய பாக்குறானுங்க. அதனால வேண்டுதல் இருந்தா படம் முடிஞ்சப்புறம் வெச்சுக்கோ. சாமி பொறுத்துக்கும். பெயிண்டு பொறுக்காது.

மூணாவது, கண்ணு. இத எனக்குச் சொல்லிக் குடுத்தவரு ஒரு பெரியவரு. சின்னவன் மெட்ராஸ்ல படம் வரையற காலேஜ்ல படிக்கும்போது நான் பாக்கப் போனேன், அங்க பசங்க நடுவுல பெஞ்சி மேல உக்காந்துக்னு இருந்தாரு. அதான் அவரு உத்தியோகமே. பேரு கேக்கல, டீ வாங்கிக் குடுத்தேன். "கண்ண ஒரே எடத்துல நிறுத்தணும்னா, அந்த எடத்துல உனக்கு ஒரு கவல இருக்கணும்மா"ன்னாரு. "செவுத்தப் பாத்தா தூக்கம் வந்துடும். நான் வாசப்படிய பாப்பேன். என் செருப்பு அங்கதான் கீது, எவன் தள்ளிக்னு போவான்னு தெரியாது. கண்ணு நகராது பாரு." அந்தப் பசங்க எல்லாம் அவரு பார்வையில ஞானம் கீதுன்னு வரைஞ்சுக்னு இருந்தானுங்க.

சரி, இப்ப பெரிய விசயத்துக்கு வர்றேன். நான் ஏன் ரிட்டைர் ஆனேன்னு தெருவுல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. மூட்டு வலியாம். மூட்டு வலி எவளுக்கு இல்ல?

ஆம்பூர் போற வழியில ஒரு ஷூ கம்பெனி கீது. பேரு வாணாம். பெரிய மொதலாளி ஒடுகத்தூர் பக்கத்து ஆளு, தோல் தூக்கி, தோல் ஒணத்தி, படிப்படியா மேல வந்தவரு. அவரு புள்ள, சின்ன மொதலாளி, வெளிநாட்ல படிச்சுட்டு வந்தாரு. வந்ததும் அவருக்கு ஒரு பெரிய வருத்தம். இன்னான்னா, கம்பெனி புதுசாம்! ஷூ வாங்க வர்ற வெள்ளக்காரங்க ஊர்ல எல்லாம் செவுத்துல தாத்தாவுக்குத் தாத்தா, பாட்டிக்குப் பாட்டி படம் தொங்குதாம். நம்ம கம்பெனி செவுத்துல இன்னா தொங்குது? தீ அணைக்கிற சிலிண்டரும் 'எச்சில் துப்பாதீர்' போர்டும். நமக்கும் ஒரு பரம்பர வேணும்னு முடிவு பண்ணிட்டாரு. பரம்பர இல்லாம எவன்டி பொறந்தான்? ஆனா அவருக்கு ஃபிரேம் போட்ட பரம்பர வேணும்.

நேரா எங்க சின்னவன்கிட்ட வந்தாரு. செல்லுல ஒரு படத்தக் காட்டி, "மாஸ்டர், எங்க பாட்டிய இதே மாதிரி பெருசா ஆயில் பெயிண்ட்ல போடணும்"ன்னாரு. அது இருநூறு வருசத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளக்கார ஓவியரு அவங்க சொந்த அக்காவ உக்கார வெச்சு வரைஞ்சதாம். நானும் பாத்தேன். பொண்ணு அழகாத்தான் கீறா. ஆனா பின்னால வானம் இருட்டிக்னு வருது, காத்து அடிக்குது, தல விரிஞ்சு பறக்குது, சால்வ தோள்லருந்து வழுவுது, அவ பாட்டுக்கு எங்கயோ பாத்துக்னு கீறா.

"ஏன்டா, மழ வருதே, இவ வூட்ல துணி காயலியா?"ன்னேன்.

"அம்மா, அது சோகம்மா. அந்தக் காலத்துல மனசுல கீறத வானத்துல காட்டுவாங்க."

"துணி நனஞ்சா சோகம்தான்டா."

தலயில அடிச்சுக்னான். ஆனா ஒண்ணு சொல்றேன் செல்வி, அந்த அக்கா மேல எனக்கு ஒரு பாசம் வந்துடுச்சு. வேற எவ வந்து நாள் பூரா காத்துல உக்காருவா? கூடப் பொறந்தவளோ பெத்தவளோதான் திட்டிக்னே உக்காருவா. அங்கயும் அதான் நடந்திருக்கும், இங்கயும் அதான்.

சிக்கல் இன்னான்னா, பெரிய மொதலாளியப் பெத்த அம்மாவுக்கு ஒரு போட்டோ கூட கெடையாது. மல்லாட்ட புடுங்கப் போனவங்க, ஸ்டுடியோவுக்கா போவாங்க? எப்பிடி இருப்பாங்கன்னு பெரிய மொதலாளிய கேட்டா, "நல்லா திட்டுவாங்க"ன்றாரு. அத எப்பிடி வரையறது? சரி, அவங்க வூட்டுப் பொம்பளைங்க யாராச்சும் உக்காருங்கன்னா, ஒருத்தியும் வர மாட்டேன்னுட்டா. செத்தவங்களுக்குப் பதிலா உக்காந்தா ஆயுசு கம்மியாவுமாம்.

எங்க சின்னவன் வேணான்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்ல? முடியாது. சின்ன மொதலாளி ஒரு வார்த்த சொல்லிட்டாரு: "படம் நல்லா வந்துச்சுன்னா, எங்க டிசைன் செக்ஷன்ல உங்களுக்கு பர்மனென்ட் வேல." அப்ப இவன் இஸ்கூல்ல பார்ட் டைம் டிராயிங் மாஸ்டரு. உனக்கே தெரியும், எத்தினி பொண்ணு வூடு ஏறி எறங்குனோம். காபி டம்ளர கீழ வெக்கிறதுக்குள்ள கேப்பாங்க, "தம்பி பர்மனென்ட்டா?" பார்ட் டைம்னதும் அவங்க மூஞ்சி பார்ட் டைம் ஆயிடும். வயசு ஏறிக்னே போவுது, முன்னால முடி கொட்ட ஆரம்பிச்சிடுச்சு. இந்தப் படம் பாஸானாதான் அவனுக்கு வேல, வேல இருந்தாதான் பொண்ணு. அதனால நான் உக்காந்தேன். என் ஆயுசு கம்மியானா கம்மியாவட்டும், மருமவள பாத்துட்டுப் போனா போதும்.

"அம்மா, தலைய விரிச்சுப் போடு"ன்னான்.

"வெளக்கு வெக்கிற வூட்ல தலைய விரிச்சுப் போட்டு உக்கார்றதாடா? நான் இன்னா சாமியாடப் போறனா?"

"அந்தம்மா மாதிரி காத்துல பறக்கணும்மா."

அப்பால டேபிள் ஃபேன எடுத்துக்னு வந்து மூஞ்சிக்கு நேரா வெச்சான். சால்வைக்கு எங்க வூட்டு பெட்ஷீட்டு. கரண்டு போனா காத்து நின்னுடும், சோகமும் நின்னுடும். கரண்டு வந்தா திரும்ப சோகம். எனக்கு சளி புடிச்சு மூக்கு செவந்துடுச்சு, அதையும் அப்பிடியே வரைஞ்சுட்டான்.

கண்ணுக்கு ஒரு கவல வேணும்ல? ஜன்னல் வழியா பாத்தேன், உங்க மொட்ட மாடியில உங்க மாமியா வடாம் காயப் போட்டிருந்தா. நானும் அவளும் சேந்து புழிஞ்சது, பாதி என் பங்கு. கெழவி காக்காவுக்கு பயம் காட்ட ஒரு குடைய விரிச்சு வெச்சுட்டு அத்தோட எறங்கிப் போய்ட்டா. காக்கா வருது. ஒண்ணு வந்து பாத்துட்டுப் போயி சொந்தக்காரங்கள எல்லாம் கூப்புட்டுக்னு வருது. "சூ"ன்னு கத்தக் கூடாது, கை தூக்கக் கூடாது. என் கண்ணு முன்னாடியே ஒவ்வொண்ணா தூக்கிக்னு போவுது செல்வி! நான் பாத்துக்னே உக்காந்தேன்.

படம் முடிஞ்சது. நானே பயந்துட்டேன், அப்பிடி ஒரு ஏக்கம் அந்தக் கண்ணுல. பின்னால கருமேகம், பறக்குற முடி. எங்க சின்னவன் அதுக்கு முன்னாடியும் அப்பிடி ஒண்ணு வரைஞ்சதில்ல, அப்பாலயும் வரையல. சின்ன மொதலாளி வந்து பாத்துட்டு கண்ணாடிய கழட்டித் தொடச்சுக்னாரு. "மாஸ்டர், பொறந்த மண்ண பிரிஞ்ச வலி தெரியுது"ன்னாரு. நான் வாயத் தொறக்கல. நீயும் தொறக்காத. உக்காரும்போது இன்னா நெனச்சன்னு எவன் கேட்டாலும் சொல்லாத. அவங்க நெனச்சுக்கறது நம்ம நெனச்சத விட ஜாஸ்தி நல்லாருக்கும்.

கொண்டுபோய் கம்பெனி ஹால்ல மாட்டுனாங்க, வெள்ளக்காரங்க வந்து உக்கார்ற எடத்துல. ஹாலுக்கு இந்தப்பக்கம் கண்ணாடிக் கதவு, கதவுக்கு அந்தப்பக்கம் பொண்ணுங்க ஷூ தெக்கிற எடம். அங்க கலான்னு ஒரு பொண்ணு. மிஷின்ல வெரல் மாட்ட இருந்தது, சரியா அந்த நேரம் நூல் அந்து மிஷின் நின்னுபோச்சு. தப்பிச்சா. நடுங்கிக்னே நிமிந்தா, கண்ணாடி வழியா எதிர்ல விரிச்ச தலையோட நான்.

அவ்ளதான்.

நீயே யோசி. நம்மூர்ல ஒரு பொம்பள தலைய விரிச்சுப் போட்டு, கண்ண அந்தரத்துல நிறுத்தி, பின்னால இடி மழையோட நின்னா அத சோகம்னா சொல்லுவாங்க? அம்மன்னுதான் சொல்லுவாங்க. இது எங்க சின்னவனுக்கும் தோணல, சின்ன மொதலாளிக்கும் தோணல, ஃபேன் எதிர்ல உக்காந்த எனக்கும் தோணல. வெள்ளிக்கெழம படத்துக்குக் கீழ ஒரு எலுமிச்சம்பழம் இருந்ததாம். அடுத்த வெள்ளிக்கெழம குங்குமம், வேப்பல, கற்பூரம். சூப்பர்வைசருங்க கூட அந்தப்பக்கம் போனா செருப்ப கழட்டுறாங்களாம். ஷூ கம்பெனில!

பெரிய மொதலாளி பொஞ்சாதி வந்து பாத்துட்டு ஒரே கத்தல். "இன்னாங்க இது, மாமியா தலைய விரிச்சுப் போட்டு எனக்கு சாபம் குடுக்குற மாதிரி கீறாங்க. உயிரோட இருந்தப்ப குடுத்தது போதாதா?" அவங்களுக்கு மூக்குத்தி வேணும், காசு மால வேணும், நெறம் கொஞ்சம் தூக்கணும். சின்ன மொதலாளிக்கு கற்பூரப் புக போகணும், வெள்ளக்காரங்க வர்ற நேரம். போன போட்டு, "மாஸ்டர், ஒடனே வந்து தலைய முடிஞ்சு கொண்ட போட்டுடுங்க. இல்லன்னா அந்த வேல விசயத்த மறந்துடுங்க"ன்னுட்டாரு.

எங்க சின்னவன் சோத்துல கை வெக்கல. "முடிய முடிஞ்சா படம் செத்துடும்மா"ன்னான்.

"முடியலன்னா உன் கல்யாணம் செத்துடும்டா. கெளம்பு"ன்னேன்.

ஹால்ல வெளிச்சம் வேற மாதிரியாம், அங்கயே உக்காந்துதான் மாத்தணுமாம். என்னையும் கூப்புட்டுக்னு போனான். படத்துக்குக் கீழயே குஷன் சேர்ல உக்காந்தேன். "மொதல்ல அவுத்து வுடும்மா, முடி எங்கருந்து ஏறுதுன்னு பாத்துட்டு கொண்ட போடலாம்"ன்னான். அவுத்தேன். அந்த நேரம் பாத்து சாப்பாட்டு பெல் அடிச்சுது.

கதவு தொறக்குது. கற்பூரத் தட்டோட கலா. பின்னால ஒரு கும்பல் பொண்ணுங்க. மேல பாக்குறாங்க, அதே மூஞ்சி. கீழ பாக்குறாங்க, அதே மூஞ்சி, அதே விரிச்ச தல. தட்டு கீழ வுழுந்துச்சு.

"ஆத்தா! வந்துட்டியா ஆத்தா!"ன்னு கலா தடால்னு என் கால்ல வுழுந்தா. அப்பால எல்லாரும். சூப்பர்வைசர் கூட கைய தூக்கிக் கும்புட்டுக்னு நிக்கிறான். சின்ன மொதலாளி சத்தம் கேட்டு ஓடியாந்தாரு, பின்னாலயே பெரிய மொதலாளியும் வந்து நின்னாரு. எங்க சின்னவன் பிரஷ்ஷ கையில புடிச்சுக்னு மரம் மாதிரி நிக்கிறான்.

"ஆத்தா, பாத்ரூம் போறதுக்கு டோக்கன் குடுக்குறாங்க ஆத்தா. லைன் பூராவுக்கும் ஒரே டோக்கன். அது திரும்பி வர்ற வரிக்கும் அடக்கிக்னே தெக்கிறோம் ஆத்தா!"ன்னு ஒருத்தி அழுவுறா.

பர்வீன்னு ஒரு பொண்ணு, அது மட்டும் கும்புடல. பக்கத்துல வந்து குனிஞ்சு, "ஆயா, நீங்க யாருன்னு எனக்குத் தெர்ல, எனக்கு வாணாம். ஆனா இந்த டோக்கன் பேஜார மட்டும் கேட்டு வுடுங்க ஆயா"ன்னு காதுல சொல்லிட்டுப் போச்சு. கெட்டிக்காரப் பொண்ணு.

இப்பதான் நல்லா கேளு செல்வி. நான் ஆத்தா இல்லம்மா, மாஸ்டரோட அம்மான்னு சொல்லிட்டா, அப்ப மேல தொங்குறது மொதலாளி அம்மா இல்லியான்னு வரும். மொதலாளி மானம் போச்சு, எங்க சின்னவன் வேலையும் போச்சு. ஆமா, நான் ஆத்தாதான்னு சொன்னா நாக்கு அழுவிடும், அந்தப் பொய் எனக்கு வாணாம். ரெண்டு பக்கமும் பள்ளம். நான் இன்னா பண்ணேன்? உக்காந்தேன். வாயத் தொறக்காம, கை கால் அசைக்காம உக்காந்தேன். எனக்குத் தெரிஞ்ச வேல அதான? கண்ண மட்டும் கொண்டுபோய் சூப்பர்வைசர் கழுத்துல தொங்குற டோக்கன் மேல வெச்சேன். அந்தப் பொண்ணுங்க வயிறு அடக்கிக்னு இருக்குறது நெசமாவே கவலதான, கண்ணு தானா நின்னுச்சு.

சூப்பர்வைசர் மொதல்ல கழுத்த தடவுனான். அப்பால டோக்கன கையால மறச்சான். நான் நகரல. வேர்த்துக் கொட்டுது அவனுக்கு. டோக்கன கழட்டி சின்ன மொதலாளி கையில திணிச்சுட்டு பின்னால போய்ட்டான். இப்ப என் கண்ணு எங்க கீது? சின்ன மொதலாளி கையில. அவரு டைய லூஸ் பண்றாரு. வெளிநாட்ல படிச்ச புள்ளதான், ஆனா அதுவும் நம்மூர் புள்ளதான?

"சரி, சரி! இனிமே டோக்கன் வாணாம்! எல்லாரும் போய் சாப்புடுங்க!"

ஓன்னு ஒரு சத்தம் எழும்புச்சு பாரு, கண்ணாடிக் கதவு ஆடுச்சு.

எல்லாரும் போனப்புறம் பெரிய மொதலாளி சேர இழுத்துப் போட்டுக்னு எனக்கு எதிர்ல உக்காந்தாரு. படத்த பாத்தாரு, என்ன பாத்தாரு. "எங்கம்மாவுக்கு மூக்கு இப்பிடி இருக்காது, தாவாங்கட்டையும் இப்பிடி இல்ல"ன்னாரு. எங்க சின்னவன் பிரஷ்ஷ எடுத்து பையில போட ஆரம்பிச்சுட்டான். "ஆனா அவங்க வாயத் தொறக்காம பாத்தாங்கன்னா இப்பிடித்தான், நாங்க நடுங்குவோம். படத்துல ஒரு முடியக் கூட தொட வாணாம். மாஸ்டருக்கு வேல ஆர்டர் போட்டுடு"ன்னு புள்ளகிட்ட சொன்னாரு.

நான் எழுந்து முடிய முடிஞ்சுக்னேன். அப்பதான் அவரு கைய கும்புட்டாரு. "ஒண்ணே ஒண்ணும்மா. நீங்க இனிமே இந்த கேட்டுக்குள்ள வரக் கூடாது. வேற எந்தப் படத்துக்கும் உக்காரவும் கூடாது. எங்கம்மா மூஞ்சி ஊர்ல ரெண்டு எடத்துல இருந்தா எனக்கு இன்னா மரியாத?"

என் மூஞ்சிடி அது! அவங்கம்மா மூஞ்சியாம்! எனக்கு அந்த சேர்ல உக்கார்றது எவ்ளோ இஷ்டம்னு உனக்குத் தெரியாது. காலம் பூரா எல்லாரும் என்ன வேல வாங்குனாங்க, அந்த ரூம்ல மட்டும்தான் நான் சும்மா இருக்குறத நல்லா இருக்குன்னு சொன்னாங்க. எங்க சின்னவன பாத்தேன். "வாணாம்மா, வுடு, போலாம்"ன்னான். வாயி வாணான்னுச்சு, கண்ணு பர்மனென்ட்டுன்னுச்சு.

"சரிங்க"ன்னேன். முந்தானைய தலைக்குப் போட்டு மூஞ்ச மூடிக்னு, தோல் கழிவு ஏத்துற பின்பக்க கேட்டு வழியா வந்துட்டேன். அன்னியோட ரிட்டைர்மென்ட்டு. அதனாலதான் உனக்கும் மேரியக்காவுக்கும் எடம் காலியாச்சு, இல்லன்னா நான் குடுத்திருப்பனா?

வருத்தமா? போடீ! விசயத்த முழுசா கேளு. எங்க சின்னவன் கம்பெனிக்குப் போவ ஆரம்பிச்சதுலருந்து அந்தக் கலா பொண்ணு, அதான் தட்ட போட்டுட்டு கால்ல வுழுந்தது, "சார், ஆத்தா படத்த நீங்கதான வரைஞ்சீங்க"ன்னு பேச ஆரம்பிச்சு, கேன்டீன்ல பேசி, பஸ் ஸ்டாப்ல பேசி, இப்ப பொண்ணு வூட்டுக்காரங்க இன்னிக்கு சாயங்காலம் இங்க வர்றாங்க. அவங்களும் அதத்தான் மொதல்ல கேட்டாங்களாம். பர்மனென்ட்டுன்னதும் சரின்னுட்டாங்க.

அவளுக்கு மாமியா யாருன்னு இன்னும் தெரியாது! அன்னிக்கு அவ பாத்தது விரிச்ச தல ஆத்தாவ, கொண்ட போட்ட என்ன இல்ல. இன்னிக்கும் தெரியக் கூடாது, தலைக்கு எண்ண வெச்சு இறுக்கி கொண்ட போட்டுக்னு உக்காரப் போறேன். யார்கிட்டயும் மூச்சு வுடாத. உன்கிட்டயும் மேரியக்காகிட்டயும் எதிர்வூட்டு அம்மாகிட்டயும்தான் சொல்லியிருக்கேன். நெனச்சுப் பாரு செல்வி, இந்தத் தெருவுல எந்த மாமியாளுக்கு இந்த யோகம் கீது? மருமவ வூட்டுக்குள்ள கால் வெக்கல, அதுக்குள்ள வாராவாரம் எனக்கு கற்பூரம் காட்டிக்னு கீறா. சண்ட வந்தா நான் ஒண்ணும் பேச மாட்டேன். கொண்டைய மட்டும் லேசா அவு…

ஐயய்யோ, தீயுற வாசன வருதே! கேசரிக்கு ரவ வறுக்க வெச்சுட்டு வந்துட்டேன்டீ! வழி வுடு, வழி வுடு!